வினாடி வினாவும் மறதியும்



தேர்வு நெருங்கும் நாட்களில் வகுப்பறையில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பழைய பாடத்தை மீண்டும் ஒருமுறை விளக்குகிறார். "புரிந்ததா?" என்று கேட்கிறார். எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். வீட்டிற்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால், படித்த வரிகளாகவே கண்ணில் படுகின்றன. "இது தெரிந்ததுதான்" என்று அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். ஆனால் தேர்வு அறையில் அதே வினா வரும்போது, புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்பது நினைவுக்கு வருகிறது. விடை மட்டும் வருவதில்லை!

இது சோம்பேறிகளுக்கு மட்டும் நேர்வதன்று. நன்றாக உழைத்துப் படிக்கும் மாணவனுக்கும் நேர்கிறது. காரணம் என்ன? பார்த்தவுடன் "தெரிந்தது" என்று உணர்வது வேறு. பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துக் கொள்கிறோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி இப்போது பல வகுப்பறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. அதுதான் இணையவழி வினாடி வினா விளையாட்டு. திரையில் வினா தோன்றும், கடிகாரம் ஓடும், மாணவர்கள் கைப்பேசியிலோ கணினியிலோ விடையைத் தொடுவார்கள், உடனே புள்ளிகளும் வெற்றியாளர் பட்டியலும் வரும். இது வெறும் கேளிக்கையா, அல்லது உண்மையிலேயே படிப்புக்கு உதவுமா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மறதியை அளந்தவர்

மறதியை முதன்முதலில் சோதனை முறையில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். அவர் தம் முடிவுகளை 1885ஆம் ஆண்டு வெளியிட்டார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஆள் வேறு யாருமல்லர், அவரேதான்! பொருளற்ற அசைகளைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தார். பிறகு சில நேரம் கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்.

முதல் முறை கற்க 100 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் கழித்து மீண்டும் கற்றால் 58 நிமிடம் மிச்சம். ஒரு நாள் கழித்துக் கற்றால் 34 நிமிடமே மிச்சம். ஒரு மாதம் கழித்துக் கற்றால் 21 நிமிடம் மிச்சம். இதை வரைபடமாக வரைந்தால், முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெல்ல மெல்லச் சமதளத்தை நோக்கிப் போகும் ஒரு வளைகோடு கிடைக்கும். சூடான காப்பி ஆறும்போது அதன் வெப்பநிலை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைவதை நீங்கள் அறிவீர்கள். மறதியின் கோடும் பார்வைக்கு அதுபோன்றதுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. பெரும்பாலான இழப்பு முதல் நாளிலேயே நேர்ந்துவிடுகிறது. ஆகவே, மறுபார்வையைத் தேர்வுக்கு முந்திய வாரம்வரை தள்ளிவைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வடிந்து முடிந்தபிறகு அடைப்பைத் தேடுவதற்குச் சமம்.

மீண்டும் படிப்பதா, நினைவுகூர்வதா?

மறுபார்வை தேவை என்பது சரி, எப்படிச் செய்வது? 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டனர்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டுரைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு முறையில் அதை இருமுறை படிக்கச் சொன்னார்கள். மற்றொரு முறையில் ஒருமுறை படிக்கவும், அடுத்து அதைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதவும் சொன்னார்கள். பிறகு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்தார்கள்.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்தவர்களுக்கு 81 விழுக்காடும், நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 75 விழுக்காடும் நினைவிருந்தது. படித்தவர்களே முன்னணியில்! ஆனால் இரண்டு நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்களுக்கு 54, எழுதியவர்களுக்கு 68. ஒரு வாரம் கழித்து, படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள்தாம் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். முடிவோ அதற்கு நேர்மாறாக இருந்தது. அதாவது, தேர்வுக்கு முதல் நாள் இரவு "எனக்கு எல்லாம் தெரியும்" என்று நமக்குள் எழும் குரலை அப்படியே நம்பிவிடக் கூடாது.

நினைவிலிருந்து ஒன்றை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு வலுப்பெறுகிறது. புல்வெளியில் நடக்க நடக்கத்தானே ஒற்றையடிப் பாதை உண்டாகிறது? பாதையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதை உண்டாகாது. வினாடி வினாவின் பயன் அதன் வண்ணத் திரையில் இல்லை, இசையிலும் இல்லை. வினா கேட்கப்பட்ட உடனே நாம் நம் நினைவுக்குள் தேடுகிறோமே, அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

திருவல்லிக்கேணியின் பழைய வழக்கம்

இந்த உண்மையைத் திருவல்லிக்கேணிவாசிகள் கண்ணெதிரே காணலாம். அங்குள்ள மேன்ஷன்களில் வெளியூர் இளைஞர்கள் தங்கிப் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பது நெடுநாள் வழக்கம். ஒருவர் கையில் வினாத் தொகுப்பு. எதிரே இரண்டு மூன்று பேர். ஒருவர் கேட்க, மற்றவர்கள் விடை சொல்வார்கள். தவறினால் உடனே திருத்தம். அந்தத் தொகுப்பும்கூடப் பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியதாக இருக்கலாம். பெரியவர்கள் அச்சாலையைப் பைகிராப்ட்ஸ் சாலை என்பார்கள். இணையம் இல்லாமல் நடக்கும் வினாடி வினா இது.

அதே வட்டாரத்தில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை படித்தவர், பின்னாளில் 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர். பிறகு கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அந்த நாளில் கைப்பேசியும் இல்லை, திரையும் இல்லை. ஆகவே, கருவி இல்லையென்றால் கல்வி இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். கருவி ஒரு துணை. அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

விளையாட்டு வந்த கதை

நார்வே நாட்டின் திரொன்ஹெய்ம் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆல்ப் இங்கே வாங் என்ற பேராசிரியர், விரிவுரையை ஒரு விளையாட்டு நிகழ்ச்சிபோல ஆக்க முடியுமா என்று 2006இல் ஆராயத் தொடங்கினார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததே 'கஹூட்'. அது 2013இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. நமது பெங்களூரில் 2015இல் தொடங்கப்பட்டது 'குவிசிஸ்'. அதன் பெயர் 2025இல் 'வேகிரவுண்டு' என்று மாற்றப்பட்டது.

இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கஹூட்டின் வழக்கமான முறையில், வினா பொதுத் திரையில் தோன்றும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விடை தரும். குவிசிஸில் வினா ஒவ்வொருவர் கருவியிலும் தோன்றும். அவரவர் வேகத்தில் போகலாம். முன்னது கபடிப் போட்டி போன்றது. பின்னது தனியே மாடிப்படி ஏறுவது போன்றது. இரண்டிற்கும் தனித்தனிப் பயன் உண்டு.

புள்ளிக் கணக்கு

விளையாடுவோர் பலர் புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பதே இல்லை. நாம் கேட்போம். கஹூட்டின் வழக்கமான கணக்கு இது. சரியான விடைக்கு மிகுதியான புள்ளி 1000. விடை தர எடுத்துக்கொண்ட நேரத்தை, வினாவுக்குரிய மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அதைப் பாதியாக்கி, 1இலிருந்து கழிக்க வேண்டும். வருவதை 1000ஆல் பெருக்க வேண்டும்.

20 வினாடி தரப்பட்ட ஒரு வினாவுக்கு 4 வினாடியில் விடையளித்தால்:
4 ÷ 20 = 0.2, அதில் பாதி 0.1, 1 − 0.1 = 0.9, புள்ளி 900.

16 வினாடியில் விடையளித்தால்:
16 ÷ 20 = 0.8, அதில் பாதி 0.4, 1 − 0.4 = 0.6; புள்ளி 600.

இருவர் விடையும் சரி. இருவருக்கும் அந்தப் பாடம் தெரியும். ஆனாலும் 300 புள்ளி வேறுபாடு! நிறுத்தி நிதானமாகச் சிந்தித்தவர் பட்டியலில் கீழே போகிறார். "வேகம்" என்பது அறிவின் அளவு அன்று. அணுவின் குறியீடு, அலகின் பெயர் போன்ற சிறு செய்திகளுக்கு வேகப் போட்டி தகும். கணக்குப் போட வேண்டிய வினாவுக்கும், காரணம் கண்டுபிடிக்க வேண்டிய வினாவுக்கும் தகாது. அப்போது ஆசிரியர் நேரத்தைக் கூட்டலாம். அல்லது வேகத்திற்குப் புள்ளி இல்லாமல் செய்யலாம்.

இன்னொரு செய்தி. "என் சிக்னல் சரியில்லை, அதனால்தான் தோற்றேன்" என்று சிலர் சொல்வதுண்டு. அதில் எவ்வளவு உண்மை என்று கணக்கிட்டுப் பார்க்கலாமா? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் 2002இல் அமைந்த கண்ணாடி இழை வடத்தின் நீளம் ஏறத்தாழ 3200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஆகவே, செய்தி அங்கு போய்ச் சேர 3200 ÷ 2,00,000 = 0.016 வினாடி. போய்த் திரும்ப 0.032 வினாடி. 20 வினாடி வினாவில் இதனால் இழக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லை!

ஆனால் வகுப்பறைக்குள் 40 கருவிகள் ஒரே வைஃபை கருவியை நம்பித் திணறும்போது, விடைப் பொத்தான் திரையில் தோன்றவே 2 வினாடி தாமதமாகலாம். நேரம் பொதுத் திரையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று கொண்டால், இழப்பு 50 புள்ளி. எனவே குறை பெரும்பாலும் கடலுக்கு அப்பாலில் இல்லை. வகுப்பறைச் சுவருக்குள்தான் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவர் வெல்லும் போட்டி படிப்புப் போட்டி ஆகாது. இதை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. வென்ற மாணவர்களும் மறக்கக் கூடாது.

குருட்டு அதிர்ஷ்டம் எவ்வளவு?

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சரியாக இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. 10 வினாக்களில் சராசரியாக இரண்டு அல்லது மூன்று சரியாக வந்துவிடும். பத்தில் ஐந்தோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 8. அதாவது 40 பேர் உள்ள வகுப்பு முழுவதும் பாடமே படிக்காமல் வந்து ஊகித்தாலும், மூன்று பேர் பாதியோ அதற்கு மேலோ பெற்று "தேறி" விடக்கூடும்! ஆனால் பத்தும் சரியாக வர வாய்ப்பு 10,48,576இல் ஒன்றுதான்.

ஆகவே ஒரே ஒரு விளையாட்டின் முடிவை வைத்து, "இவன் கெட்டிக்காரன், அவன் மந்தம்" என்று முடிவு கட்டுவது விஞ்ஞான முறை ஆகாது. பரிசோதனைச் சாலையில் ஓர் அளவை ஒரே முறை எடுத்து நாம் நிறுத்துகிறோமா? பல முறை எடுத்துச் சராசரி காண்கிறோம் அல்லவா? இதற்கும் அதே விதிதான்.

நல்ல வினா எது?

வினாடி வினாவின் உயிர் அதன் வினாக்களில் இருக்கிறது. "நீரின் கொதிநிலை என்ன?" என்பது ஒரு வினா. "ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் சோறு வேகச் சென்னையைவிட அதிக நேரம் ஆவது ஏன்?" என்பதும் ஒரு வினா. முதல் வினாவுக்கு நூறு என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், ஊட்டியில் நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் என்று ஒரு தொடராகச் சிந்திக்க வேண்டும். மனம் வேலை செய்யும் வினாவே நல்ல வினா.

தவறான விடைகளையும் நன்கு தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வினாவைப் பாருங்கள்.

6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டு பக்க இணைப்பில் உள்ளன. தொகுபயன் மின்தடை எவ்வளவு?
(அ) 9 ஓம் (ஆ) 4.5 ஓம் (இ) 2 ஓம் (ஈ) 0.5 ஓம்

சரியான விடை (இ). மற்ற மூன்றும் சும்மா எழுதப்பட்டவை அல்ல. 9 என்பவர் பக்க இணைப்பையும் தொடரிணைப்பையும் குழப்பிக்கொண்டவர். 4.5 என்பவர் சராசரி கண்டவர். 0.5 என்பவர் 1/6 + 1/3 = 1/2 என்று சரியாகக் கூட்டியவர்; கடைசியில் அதைத் தலைகீழாக்க மறந்தவர். ஒரு வகுப்பில் 12 பேர் (ஈ) என்று தொட்டால், அவர்களுக்கு முழுப் பாடத்தையும் மீண்டும் நடத்தத் தேவையில்லை. கடைசிப் படியை மட்டும் நினைவூட்டினால் போதும். மருத்துவர் காய்ச்சலின் அளவை மட்டுமா பார்க்கிறார்? எந்தக் காய்ச்சல் என்றும் பார்க்கிறார். தவறான விடையும் அப்படி ஒரு நோய்க்குறிதான்.

இணையவழி முறையின் பெரிய நன்மை இங்கே இருக்கிறது. வாய்மொழியாக வினாக் கேட்டால், முதல் வரிசையிலிருந்து கை உயர்த்தும் நான்கு பேரின் விடை மட்டுமே ஆசிரியருக்குத் தெரியும். கடைசி வரிசையில் வாய் திறக்காத மாணவிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது தேர்வு முடிந்தபிறகுதான் தெரியவரும். அப்போது தெரிந்து என்ன பயன்? எல்லோரும் விடை தரும் விளையாட்டில் 40 பேரின் மனமும் ஒரே நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மைப் பெயர் இல்லாமல் புனைபெயரில் விளையாடினால், தவறிவிடுவோமோ என்ற கூச்சமும் இல்லை.

பக்கத்து நண்பனே ஆசிரியன்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் ஒரு விந்தையைக் கண்டார். கடினமான கணக்குகளைப் போடும் மாணவர்கள், அதே பாடத்தின் எளிய கருத்து வினாவில் தடுமாறினார்கள். ஆகவே 1991 முதல் அவர் வேறு ஒரு முறையைக் கையாண்டார். ஒரு கருத்து வினாவைக் கேட்பார். ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து விடையைக் குறிப்பார்கள். விடைகள் மாறுபட்டால், அவர் உடனே விளக்குவதில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடையை நிறுவுங்கள்" என்பார். இரண்டு நிமிட விவாதத்திற்குப் பிறகு மீண்டும் விடை கேட்பார். பெரும்பாலும் சரியான விடை கூறுவோர் தொகை கூடியிருக்கும்.

நீங்களும் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். அது உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? (அ) சுழி (ஆ) மேல்நோக்கி 9.8 (இ) கீழ்நோக்கி 9.8 (ஈ) மாறிக்கொண்டே இருக்கும்.

"சுழி" என்று பலர் சொல்வார்கள். சுழியாக இருப்பது திசைவேகம், முடுக்கம் அன்று. "முடுக்கம் சுழி என்றால் திசைவேகம் மாறாது. திசைவேகம் சுழியாகவே இருந்தால் பந்து அங்கேயே அந்தரத்தில் நிற்குமே!" என்று ஒரு மாணவர் கேட்டால் போதும், பக்கத்து மாணவரின் குழப்பம் தீர்ந்துவிடும். சரியான விடை (இ). சற்று முன்தான் இதே குழப்பத்திலிருந்து மீண்டவர், குழப்பம் எங்கே இருக்கிறது என்று பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரைவிட எளிதாகக் கண்டுகொள்வதும் உண்டு.

இந்த முறை நமக்குப் புதிதா? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியைத் தமிழாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் சொல்வதை நன்றாக வாங்கிக் கொண்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதே மீதி அரைப் பங்கு என்று அதில் கணக்குச் சொல்லப்படுகிறது. சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கி, 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது! நம் ஊர் பெயர் தாங்கிய முறையை நாம் மறந்துவிடலாமா?

கைப்பேசி இல்லாவிட்டால்?

பல பள்ளிகளில் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. பல வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கைப்பேசிதான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால் வினாடி வினா நமக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை.

'பிளிக்கர்ஸ்' என்ற முறையில் மாணவர் கையில் ஒரு காகித அட்டை மட்டுமே இருக்கும். அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிக்கும். எந்த விடை சரியோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடித்தால் போதும். ஆசிரியர் தம் ஒரே கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது திருப்புவார். யாருடைய அட்டை, எந்தப் பக்கம் மேலே என்று அது கண்டுகொள்ளும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்து எழுதுவதும் எளிதன்று.

அந்த உருவத்திற்கு ஒரு தகுதி வேண்டும். அது என்ன? கூட்டல் குறியை 90 டிகிரி சுழற்றிப் பாருங்கள். மாற்றமே தெரியாது. அதனால் அது அட்டைக்கு உதவாது. 'ட' என்ற எழுத்தைச் சுழற்றினால் நான்கு நிலையிலும் வெவ்வேறாகத் தெரியும். சுழற்சிச் சமச்சீர் இல்லாத உருவமே இதற்கு வேண்டும். கணிதப் பாடத்தில் படித்தது இங்கே பயன்படுவதைக் கண்டீர்களா?

செய்து பாருங்கள்

எந்தக் கருவியும் இல்லாமலும் செய்யலாம். தேவையானவை: பழைய காலண்டர் அட்டை, நான்கு வண்ணக் காகிதம், பசை, பழைய அட்டைப் பெட்டிகள் மூன்று.

1. அஞ்சலட்டை அளவில் நான்கு அட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணக் காகிதத்தை ஒட்டி, அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி ஒரு கட்டு வேண்டும்.

2. ஒருவர் வினாவைப் படிக்க வேண்டும். எல்லோரும் அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் ஒரே நேரத்தில் உயர்த்த வேண்டும். பிறரைப் பார்த்து மாற்றிக்கொள்ள இதில் இடமில்லை.

3. விடைகள் பலவாறாக இருந்தால் பக்கத்து நண்பருடன் இரண்டு நிமிடம் விவாதித்து, மீண்டும் உயர்த்துங்கள். இரு முறையும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் குறியுங்கள்.

4. இறுதியில் சரியான விடையையும் காரணத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், நாம் தேர்ந்தெடுத்த தவறான விடையே நினைவில் தங்கிவிடக்கூடும்.

5. தவறிய வினாக்களைச் சிறு சீட்டுகளில் எழுதி முதல் பெட்டியில் போடுங்கள். முதல் பெட்டியைத் தினமும் எடுத்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னால் சீட்டு இரண்டாம் பெட்டிக்குப் போகும். அதை மூன்று நாட்களுக்கு ஒருமுறை எடுங்கள். அங்கும் சரியானால் மூன்றாம் பெட்டிக்கு. அதை வாரம் ஒருமுறை. எங்கே தவறினாலும் சீட்டு முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். 1970களில் ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. தெரிந்ததில் நேரத்தை வீணாக்காமல், தெரியாததில் செலவிட இது வழி செய்கிறது.

சில எச்சரிக்கைகள்

வெற்றியாளர் பட்டியலில் எப்போதும் அதே மூன்று பெயர்கள் வந்தால், மற்ற 37 பேருக்கும் ஆர்வம் போய்விடும். நான்கு பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து விளையாடுங்கள். அணியில் நன்றாகப் படிப்பவர் ஒருவரும் சிரமப்படுபவர் ஒருவரும் இருக்கட்டும். பிறரோடு போட்டியிடுவதைவிட, போன வாரம் நான் எடுத்த புள்ளியை இந்த வாரம் தாண்டினேனா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பலவுள் தெரிவு வினாவில் விடை கண்முன்னே இருக்கிறது. தேர்வில் நெடுவினாவுக்கு விடை கண்முன்னே இராது. ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது, ஒரு வெற்றுத் தாளில் பாடத்தின் படத்தையும் சமன்பாட்டையும் புத்தகம் பாராமல் எழுதிப் பழகுங்கள். விளையாட்டு இதற்கு முன்னோட்டமே தவிர, மாற்று ஆகாது.

மூன்றாவது, இணையத்தில் விளையாடும்போது உண்மைப் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி எதையும் தர வேண்டாம். புனைபெயர் போதும்.

நண்பர்களே, வினாடி வினாவில் தவறுவது தோல்வி அன்று. அங்கே தவறினால் இழப்பது சில புள்ளிகள்; திருத்திக்கொள்ள நாட்கள் இருக்கின்றன. அதே தவறு பொதுத் தேர்வில் முதன்முறையாகத் தெரியவந்தால் இழப்பு பெரிது. எனவே தவறுகளை முன்கூட்டியே வெளியே வரவழைக்கும் எந்த முறையும் உங்கள் நண்பனே. கீழ்க்கண்ட வினாக்களுக்கு, விடையைப் பார்க்குமுன் ஒரு தாளில் முயன்று பாருங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 30 வினாடி தரப்பட்ட வினாவுக்கு 12 வினாடியில் சரியான விடை அளித்தால், மேலே சொன்ன கணக்குப்படி எத்தனை புள்ளி?

2. "சரியா, தவறா" வகை வினாக்கள் ஐந்து. ஐந்தையும் ஊகித்தே சரியாகச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு?

3. ஒரு பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? இந்த வினாவுக்கு மூன்று தவறான விடைகளை நீங்களே அமையுங்கள். ஒவ்வொன்றும் எந்தக் குழப்பத்திலிருந்து வரும் என்றும் எழுதுங்கள்.

விடைகள்: 1. 800 புள்ளி. 2. 32இல் ஒன்று. 3. மணிக்கு 48 கிலோமீட்டர். (ஒரு வழித் தொலைவு 120 கிலோமீட்டர் என்று கொண்டால், போக 3 மணி, வர 2 மணி, 240ஐ 5ஆல் வகுக்கக் கிடைப்பது 48.) 50 என்று சொல்பவர் வேகங்களை மட்டும் சராசரி கண்டவர். மற்ற இரண்டு தவறான விடைகளை உங்கள் வகுப்பு நண்பர்களின் தாள்களிலேயே தேடிக் கண்டுபிடியுங்கள்!